'என்னடி, ஒரு சுத்து பெருத்துட்ட?' - டீன் ஏஜ் பிள்ளைகளை மைதானத்திலிருந்து விரட்டும் வார்த்தைகள்

கல்யாண வீடு, காதுகுத்து, ஊர்த் திருவிழா... எங்கே போனாலும் சரி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் உறவினர்கள் டீன் ஏஜ் பிள்ளைகளிடம் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் உடம்பிலிருந்துதான். 'என்னடி, ஒரு சுத்து பெருத்துட்ட?', 'என்னப்பா, எலும்பும் தோலுமா நிக்கிற... அம்மா சோறு போடுறதில்லையா?', 'வெயில்ல ஆடி ஆடி இப்படிக் கறுத்துட்டியே!' சொல்பவர்களுக்கு இது வெறும் நலம் விசாரிப்பு. பந்தியில் உட்காரும்போதே மறந்துவிடுவார்கள். கேட்ட பிள்ளை மறப்பதில்லை.

அந்த வார்த்தைகளின் விளைவு வேறோர் இடத்தில் தெரியும். பி.டி. பீரியடில் 'வயித்துவலி மிஸ்' என்று வகுப்பறையிலேயே உட்கார்ந்துவிடும் மாணவி, நீச்சல் குளம் வரை போய்விட்டுச் சட்டையைக் கழற்ற மறுக்கும் மாணவன், கிரவுண்ட் ஓரத்தில் நின்று நண்பர்களின் செருப்புக்குக் காவல் இருக்கும் பிள்ளை... இவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். பல நேரங்களில் உண்மைக் காரணம் சோம்பல் அல்ல, வெட்கம்.

ஓடியாடாமல் இருப்பது, தன் உடம்பைத் தானே வெறுப்பது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று நினைப்பது - இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. உடம்பை நினைத்துக் கூச்சப்படும் பிள்ளை விளையாடப் போவதில்லை. விளையாடாததால் உடம்பு இன்னும் மந்தமாகிறது. அது தன்னம்பிக்கையை இன்னும் குறைக்கிறது. ஆனால், இதே சக்கரத்தைத் திருப்பிச் சுழற்றவும் முடியும். அதற்கு முதலில், அந்த வயதில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பு மாறும் வயது

10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமடைதலின் மாற்றங்கள் தொடங்குவது இயல்பு. பெண் பிள்ளைகளுக்கு இடுப்பு, தொடை, மார்புப் பகுதிகளில் கொழுப்பு சேரும். இது நோயல்ல, பருவம் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். ஆனால், நேற்று வரை பொருந்திய ஃபிராக் இன்று பொருந்தவில்லை என்றதும் 'குண்டாயிட்டேன்' என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடுகிறாள்.

ஆண் பிள்ளைகளுக்கு உயரம் கூடும் வேகம் பெண் பிள்ளைகளைவிடச் சுமார் இரண்டு ஆண்டுகள் பிந்தி வருகிறது. 7-ம் வகுப்புக் குரூப் போட்டோவில் பெண் பிள்ளைகள் உயரமாகவும், பையன்கள் குட்டையாகவும் நிற்பதற்கு இதுதான் காரணம். இந்தப் பருவத்தில் பையன்கள் பலருக்கு மார்பு லேசாக வீங்குவதும் உண்டு. ஹார்மோன் மாற்றத்தால் வரும் இது, பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே சரியாகிவிடும். இதை யாரும் அவனிடம் சொல்வதில்லை. கேட்கவும் அவனுக்கு வெட்கம். தொளதொளச் சட்டை போட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறான். விளையாடக் கூப்பிட்டால் வர மறுக்கிறான்.

இன்னொரு விஷயமும் உண்டு. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019-21), இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தத்தில் போதிய ஹீமோகுளோபின் இல்லாத பிள்ளைக்கு இரண்டு ரவுண்டு ஓடினாலே மூச்சு வாங்கும், தலை சுற்றும். 'கொஞ்சம்கூட ஸ்டாமினா இல்ல' என்று கேலி செய்யப்படும் மாணவிக்குத் தேவை ஒரு ரத்தப் பரிசோதனையாக இருக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பை ஓரத்தில் போட்டுவிடாமல் விழுங்கவைப்பதும் விளையாட்டுப் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

மைதானம் காலியாகும் வயதும் இதுதான்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசைக்கும் எலும்புக்கும் வலுச் சேர்க்கும் பயிற்சியும் வேண்டும். 146 நாடுகளின் பள்ளி மாணவர்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து, 2019-ல் இந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 81 சதவிகிதம் பேர் இந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவிகிதம், ஆண் பிள்ளைகளில் 78 சதவிகிதம். இந்தியாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர்.

நம் வீடுகளில் இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. மஞ்சள் நீராட்டு விழா முடிந்த மறுநாளே, 'இனிமே தெருவுல குதிக்கிற வேலையெல்லாம் வேணாம்' என்ற உத்தரவு வந்துவிடுகிறது. 10-ம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை. பள்ளியில் கழிப்பறை சரியில்லாவிட்டால் மாதவிடாய் நாள்களில் பெண் பிள்ளைகள் கிரவுண்ட் பக்கமே வருவதில்லை, கறை படிந்துவிடுமோ என்ற பயம். கடும் வலியோ, அதிக ரத்தப்போக்கோ இல்லாவிட்டால் அந்த நாள்களில் விளையாடுவதில் தவறில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இழப்பு பெரியது. ஒருவரின் ஆயுள் முழுவதுக்குமான எலும்பு வலுவின் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஓடுவதும் குதிப்பதும் அந்தச் சேமிப்பைக் கூட்டுபவை. பாண்டி ஆட்டத்தில் நொண்டியடித்ததும், கோகோவில் பாய்ந்து தொட்டதும், ஸ்கிப்பிங் கயிற்றில் துள்ளியதும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. 50 வயதில் இடுப்பு எலும்பு தேயாமல் இருப்பதற்கான முதலீடு.

ஃபிஜி தீவுக்கு டி.வி. வந்த கதை

'ஒல்லியாக இருந்தால்தான் அழகு' என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது? பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜி நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே நல்ல திடகாத்திரமான உடம்புக்குத்தான் மரியாதை. ஒருவர் மெலிந்துவிட்டால், வீட்டில் சரியாகக் கவனிப்பதில்லை போலிருக்கிறதே என்று ஊர் கவலைப்படும். நம் பாட்டிமார்கள் 'பூசினாப்புல லட்சணமா இருக்கா' என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே கதை.

1995-ல் நட்ரோகா என்ற பகுதிக்கு டி.வி. வந்தது. வந்த புதிதிலும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998-லும் அங்கிருந்த பள்ளி மாணவிகளிடம் அமெரிக்க மானுடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர் ஆய்வு நடத்தினார். ஒவ்வொரு முறையும் அறுபதுக்கும் சற்று அதிகமான மாணவிகள்தான், சிறிய ஆய்வு. ஆனால், கிடைத்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுக்கும் பழக்கம் 1995-ல் ஒருவருக்கும் இல்லை; 1998-ல் 11 சதவிகிதம் பேருக்கு இருந்தது. 'நான் ரொம்பப் பெரிதாக, குண்டாக இருக்கிறேன்' என்று அவ்வப்போதாவது நினைத்தவர்கள் 74 சதவிகிதம். அந்த மாணவிகள் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்கத் தொடர்களை.

அது வீட்டுக்கு ஒரு டி.வி.கூட இல்லாத காலம். இன்று ஒவ்வொரு கையிலும் ஒரு திரை. வெளிச்சம், கோணம், மேக்கப், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய உடம்பை, ஒரு 14 வயதுப் பிள்ளை குளியலறைக் கண்ணாடியில் தெரியும் தன் உடம்போடு ஒப்பிடுகிறது. 2021-ல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே கசிந்தபோது, அதில் ஒரு தகவல் இருந்தது. தங்கள் உடம்பைப் பற்றி வருத்தமாக உணர்ந்த டீன் ஏஜ் பெண்களில் 32 சதவிகிதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தார்கள்.

பையன்களும் இதிலிருந்து தப்பவில்லை. சிறுவர்கள் விளையாடும் ராணுவ வீரர் பொம்மைகளை ஆண்டுவாரியாக அளந்து பார்த்த அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவரது குழுவினரும், பொம்மைகளின் புஜமும் மார்பும் முப்பது ஆண்டுகளில் பெருத்துக்கொண்டே போயிருப்பதை 1999-ல் எழுதினார்கள். இன்று பொம்மைக்குப் பதில் ரீல்ஸ். 'ஆறே வாரத்தில் சிக்ஸ் பேக்' வீடியோ பார்த்துவிட்டு, சாப்பாட்டைக் குறைத்து, புரோட்டீன் பவுடர் டப்பாவுக்கு வீட்டில் சண்டை போடும் பையன்கள் எத்தனையோ பேர். தசையை வளர்ப்பதற்காகப் புரோட்டீன் பவுடர்களை எடுக்க வேண்டாம் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. பருப்பு, பயறு, முட்டை, பால், மீன் தராத எதையும் அந்த டப்பா தந்துவிடப் போவதில்லை.

'எப்படித் தெரிகிறேன்' அல்ல, 'என்ன செய்ய முடிகிறது'

பிள்ளைகள் தங்களை எப்படி மதிப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர், அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர். படிப்பு, நட்பு, விளையாட்டு, ஒழுக்கம் என்று எத்தனையோ இருந்தும், வளரிளம் பருவத்தினரின் தன்மதிப்போடு மிக நெருக்கமாகப் பின்னிக் கிடப்பது 'நான் பார்க்க எப்படி இருக்கிறேன்' என்ற எண்ணம்தான் என்று அவர் கண்டார். அதனால்தான் உறவினரின் ஒரு வார்த்தை அவ்வளவு ஆழமாகப் பாய்கிறது.

அந்தப் பின்னலைத் தளர்த்தும் வேலையைத்தான் விளையாட்டு செய்கிறது. நேற்று வரை சர்வீஸ் நெட்டைத் தாண்டாத வாலிபால், இன்று தாண்டுகிறது. முதல் வாரம் கையில் தட்டிக்கொண்டே இருந்த சிலம்பக் கம்பு, மூன்றாவது மாதம் காற்றில் சுழல்கிறது. அந்த நிமிடத்தில் பிள்ளையின் கவனம், தன் உடம்பு எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து, அது என்ன செய்கிறது என்பதற்கு மாறுகிறது. ரேஸில் ஜெயிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக ஒரு ரவுண்டு ஓட முடிந்தால் போதும். கூடவே ஒரு டீம், அதில் தனக்கென்று ஓர் இடம், நல்ல பசி, நல்ல தூக்கம்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. பிள்ளைகளின் தன்மதிப்பை உடற்பயிற்சி உயர்த்துகிறதா என்று பார்த்த 23 சோதனைகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2004-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குறுகிய காலத்திலாவது உயர்த்துகிறது என்பது முடிவு. அந்தச் சோதனைகள் பலவும் சிறியவை என்பதையும் அது மறைக்கவில்லை. ஆக, விளையாட்டு ஒரு மந்திர மாத்திரை அல்ல. ஆனால், பெரிய செலவில்லாத, எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கக்கூடிய நல்ல மருந்து.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அந்தக் காலைப் பார்த்துப் பரிதாபப்பட ஊரில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் பார்த்தது, அந்தப் பையன் எவ்வளவு உயரம் தாண்டுகிறான் என்பதை. 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்கப் போவதில்லை. வாங்க வேண்டியதும் இல்லை. ஆனால், அந்த ஆசிரியர் பார்த்த பார்வை எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை.

பயிற்சியே தண்டனையானால்...

அந்தப் பார்வை இல்லாவிட்டால், அதே உடற்பயிற்சி எதிர் வேலையைச் செய்யும். வீட்டுப்பாடம் எழுதாததற்கு கிரவுண்டைப் பத்து முறை சுற்றவைத்தால், ஓட்டம் என்பது தண்டனை என்று மனதில் பதிந்துவிடுகிறது. 'நாலு பூரி சாப்பிட்டல்ல, போய் நட' என்று அனுப்பினால், நடப்பது சாப்பிட்ட குற்றத்துக்குக் கட்டும் அபராதமாகிவிடுகிறது. வாரா வாரம் எடை மெஷினில் ஏற்றி இறக்கினால், முள் நகராத வாரத்தோடு பயிற்சியும் நின்றுபோகும். எடை குறையாவிட்டாலும் இதயமும் எலும்பும் தூக்கமும் மனதும் நன்மை அடைகின்றன என்பதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து, 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளையின் எடையைப் பற்றிப் பெற்றோர் பேசும் வீடுகளில், பட்டினி கிடப்பது போன்ற ஆரோக்கியமற்ற வழிகளில் பிள்ளைகள் இறங்குவது அதிகமாக இருந்தது. எடைப் பேச்சே இல்லாமல், நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவாக இருந்தது. அக்கறை இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் வார்த்தையில் இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* கேள்வியை மாற்றுங்கள்: 'எத்தனை கிலோ குறைஞ்ச?' என்பதற்குப் பதில், 'இன்னைக்கு கிரவுண்ட்ல என்ன ஆடினீங்க, யார் ஜெயிச்சா?' என்று கேளுங்கள்.

* தேர்வு பிள்ளையுடையதாக இருக்கட்டும்: எல்லாருக்கும் கிரிக்கெட் பிடிக்காது. கபடி, பேட்மின்டன், சிலம்பம், பறை ஆட்டம், நடனம், நீச்சல், சைக்கிள்... எதுவானாலும் சரி. கூட்டத்தின் முன் ஆடக் கூச்சப்படும் பிள்ளை, முதலில் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங்கில் தொடங்கட்டும்.

* உடை முக்கியம்: வளர்ந்த உடம்புக்குப் பொருந்தாத பழைய ஷார்ட்ஸும், சரியான உள்ளாடை இல்லாததும் பல பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுகின்றன. தொளதொள டி-ஷர்ட், டிராக் பேன்ட், ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா - இவை ஆடம்பரம் அல்ல.

* கூடவே இறங்குங்கள்: அப்பா செல்போனோடு சோபாவில் இருந்துகொண்டு 'போய் ஓடு' என்றால் பிள்ளை நகராது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் குடும்பமாக ஒரு நடை போய் வாருங்கள். அந்த நடையில் பிள்ளைகள் பேசுவது, வீட்டுக்குள் பேசாத விஷயமாக இருக்கும்.

* உங்கள் உடம்பையும் திட்டாதீர்கள்: அம்மா கண்ணாடி முன்னால் நின்று 'சே, இந்தத் தொப்பை' என்று சலித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் மகள் கற்றுக்கொள்கிறாள். வெயிலில் ஆடினால் கறுத்துவிடுவாய் என்று தடுக்காதீர்கள். கறுப்பது குறையல்ல.

* உறவினர்களைச் சமாளியுங்கள்: யாராவது பிள்ளையின் உடம்பைப் பற்றித் தொடங்கினால், 'அதை விடுங்க அத்தை, இவ இப்போ ஸ்கூல் கோகோ டீம்ல இருக்கா தெரியுமா?' என்று பேச்சைத் திருப்புங்கள். தன் பக்கம் நிற்க அம்மா இருக்கிறாள் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலம்.

* சாப்பாடு வீட்டுக்கே பொது: ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு, தனி அளவு வேண்டாம். எண்ணெய்ப் பண்டமும் குளிர்பானமும் குறைய வேண்டுமென்றால், வீடு முழுக்கக் குறையட்டும்.

பள்ளிகள் செய்ய வேண்டியது

பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காமல் இருப்பது முதல் வேலை. கேப்டன்கள் ஆள் பிரிக்கும்போது கடைசியில் நிற்பது எப்போதும் அதே இரண்டு, மூன்று பிள்ளைகள்தான். ஆசிரியரே டீம் பிரித்துவிட்டால் அந்த அவமானம் இல்லை. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் உயரம், எடை பார்த்துச் சத்தமாக வாசிப்பதை நிறுத்தலாம். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை, அது ஆசிரியராகவே இருந்தாலும், அனுமதிக்கக் கூடாது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

அதிக எடை ஆரோக்கியத்தைப் பாதிக்காது என்று இதற்குப் பொருள் அல்ல. மாதவிடாய் பல மாதங்கள் தள்ளிப்போவது, கழுத்தில் கறுப்பாகத் தடித்துப் படர்வது, குறட்டை, மிகச் சீக்கிரம் எடை ஏறுவது போன்றவை இருந்தால் குழந்தைகள்நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும் பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். 18 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. மருத்துவர் அதை வைத்துத்தான் சொல்வார்.

மறுபக்கத்து ஆபத்தும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் தட்டிக் கழிப்பது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வது, காய்ச்சலிலும் பயிற்சியை விட மறுப்பது, எடை வேகமாக இறங்குவது, ஜிம்மில் யாரோ தரும் ஊசி, மாத்திரைகளை எடுப்பது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது... இவற்றில் எதைப் பார்த்தாலும் 'வயசு அப்படி' என்று விட்டுவிடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். கேலி, துன்புறுத்தல் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

இன்று சாயங்காலம் டியூஷனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால், அதைப் பிள்ளையிடம் கொடுத்து, 'போய் ஆடிட்டு வா' என்று மட்டும் சொல்லுங்கள். 'கொஞ்சம் எடை குறையும்' என்று கூடச் சேர்க்க வேண்டாம்.